குண்டுத் தேனீயும் பொடிக் குளவியும்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, அலுவல் நடுவிலும் வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேளாண் அலுவலர் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய நூலகர் தம்பி, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் பெரியோர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டு இரண்டு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை.

மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். குண்டுத் தேனீயின் கூட்டைக் கெடுக்கும் குளவி, பப்பாளியைக் காப்பாற்றிய குளவி, அத்திப் பழத்துக் குளவி. மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது.

ஐரோப்பாவில் பம்பிள்பீ என்றொரு குண்டுத் தேனீ. உடம்பெல்லாம் ரோமம். தக்காளிப் பூவைப் பிடித்து அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். அதற்காகவே 1980களின் கடைசியிலிருந்து பெட்டியில் வளர்த்து விற்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் புகுந்துவிடும் மெலிட்டோபியா என்ற பொடிக் குளவி. ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வளர்ந்த தேனீப்புழுவின் மேல் முட்டையிடும். அதன் குஞ்சுகள் புழுவை உறிஞ்சியே வளரும். ஒரே புழுவிலிருந்து நூற்றுக்கணக்கில் வரும், பெரும்பாலும் பெண்கள். ஆணுக்குக் கண் தெரியாது, பறக்கவும் வராது; கூட்டுக்குள்ளேயே அண்ணன் தம்பி சண்டை போட்டுச் சாகும். சிரிக்காதீர்கள், நம் ஊர்ப் பங்காளிச் சண்டை இதைவிட மோசம்.

எங்கள் வீட்டுக் கதவு நிலையில் ஒரு குளவி மண்கூடு கட்டியது. அண்ணிக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். "தொடாதே, வீட்டில் பிள்ளை பிறக்கப்போகுது" என்று அப்பத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்புறம் கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, ஒட்டடை அடிக்கக் கூடாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கூட அந்த ஒரு சாண் இடத்தைச் சுற்றியே அடித்துவிட்டுப் போனார். தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு அப்பத்தா வந்து பார்ப்பார். ஒரு நாள் கூட்டில் ஊசிமுனை ஓட்டை. அதிலிருந்து பொடிப்பொடியாய் ஏதோ கறுப்பாக ஊர்ந்து வந்தது. "குளவி வரும்னு பார்த்தா மிளகுத்தூள்ல கொட்டுது!" என்றார். மெலிட்டோபியா இனத்தார் மண்குளவிக் கூட்டிலும் இதே வேலையைச் செய்வார்கள் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அண்ணிக்கு அடுத்த வருடம் இரட்டைப் பிள்ளை; அதையும் அப்பத்தா அந்தக் கூட்டின் கணக்கில்தான் எழுதினார்.

சரி, கெடுப்பதில் மட்டுமா கீர்த்தி? 2008இல் கோயம்புத்தூரில் மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெள்ளை பூத்தது நினைவிருக்கும். மருந்தடித்து ஓய்ந்தோம். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபாகஸ் என்ற பொடிக் குளவியை வரவழைத்துத் தோட்டங்களில் விட்டார்கள், பூச்சி அடங்கியது. மூர்த்தி சிறிதுதான்!

இப்படிப்பட்ட குளவிக்குச் சாப்பாடு பூந்தேன். அது நம் வரப்போரத்துத் தும்பையிலும் மூக்குத்திப்பூவிலும் இருக்கிறது. அங்கேதான் களைக்கொல்லி அடிக்கிறோம். ஊர்ப் பொதுவழியிலாவது அதை நிறுத்துங்கள் என்று நான் மூன்று வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். தலைவர் அம்மாவுக்குத் தெரியும்.

அத்திப் பழத்துக் கதைக்கு நேரமில்லை, அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். டீ குடிக்கப் போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.