கார்பன் அம்புக்கு எடை ஏத்தணுமா? காசிமேட்டுக்கு வாங்க!

(திரையில்: எலக்ட்ரானிக் நகைத்தராசு, 8.10 கிராம்)

தராசுல 8.1 கிராம். ஒரு பவுன் தங்கம்னு நினைச்சீங்களா? தங்கம் விக்கிற விலைக்கு அதெல்லாம் நம்மால ஆகாது. இது அம்போட மூக்குல திருகுற 125 கிரெயின் இரும்பு முனை.

வணக்கம் மக்களே! லாங்போ, மர ரீகர்வ் மாதிரி வில்லு வச்சிருக்கீங்க. அம்பு மட்டும் கார்பன். விட்டதும் கை அதிருது, நாண் ‘டங்’குனு கத்துது. வில்லு மேல பழி போடாதீங்க, அம்பு லேசு.

இழுத்த வில்லுல தேங்குற சக்தி மொத்தமும் அம்புக்குப் போறதில்ல. அம்பு லேசாக லேசாக, மிச்சம் நாண்லயும் வில்லுலயும் தங்கி உதறும். அம்பே இல்லாம நாணை விட்டா வில்லு உடையும்ல, அதுக்கு இது ஒண்ணுவிட்ட தம்பி.

கணக்கு ஒரே ஒரு வரிதான்: வில்லோட இழுவையில ஒவ்வொரு பவுண்டுக்கும் அம்புல எத்தனை கிரெயின்? மர வில்லுக்கு 8லிருந்து 10 வரைக்கும் நிம்மதி. உங்க வில்லு செஞ்சவர் இதுக்கு மேல கேட்டிருந்தா அவர் சொன்னதுதான் சட்டம்.

இங்கதான் நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு சின்ன தகராறு. வில்லுக்கு பவுண்டு, நகைக்கு பவுன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஆனா பவுன் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு கிரெயின் ஈஸி. கிரெயின்னா தானியம்தான், தானிய மணியை வச்சு எடை போட்ட காலத்து அளவு. நம்ம பத்தர்ங்க குன்றிமணி வச்சு நிறுத்த மாதிரி. ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். பவுன் 8 கிராம், அப்போ 123 கிரெயின் சொச்சம். சவுகார்பேட்டை பக்கம் கிடைக்கிற, 0.01 கிராம் காட்டுற சின்ன நகைத்தராசு ஒண்ணு போதும். கிச்சன் தராசு வேணாம், அதுக்கு 1 கிராம் தப்பு தப்பே இல்ல, அம்புக்கு அது 15 கிரெயின்.

45 பவுண்டு வில்லுன்னு வச்சுக்கலாம். 29 இன்ச் கார்பன் ஷாஃப்ட், அதாவது அம்போட தண்டு, இன்ச்சுக்கு 8 கிரெயின்: 232. முனை 100, முனையைத் திருக ஷாஃப்ட்டுக்குள்ள ஒட்டுற இன்சர்ட் 14, பின்னாடி நாணைக் கவ்வுற ‘நாக்’ 10, மூணு இறகும் சேர்ந்து 9. மொத்தம் 365, அதாவது மூணு பவுன் கூட முழுசா இல்ல. 45 ஆல வகுத்தா 8.1. கடைசிப் படிக்கட்டுல நிக்குறோம். பவுண்டுக்கு 10 கணக்குல 450க்குப் போகணும்னா இன்னும் 85 கிரெயின், 5.5 கிராம். கேரம் போர்டுல ஒரு காய் எடை, அவ்வளவுதான்! வேகம் போயிடுமேன்னு பயப்படாதீங்க. அம்புக்குப் போற சக்தி கூடவே இல்லன்னு வச்சாலும் 10 சதவீதம்தான் குறையும். நிஜத்துல கனமான அம்பு இன்னும் கொஞ்சம் சக்தியை வாங்கிக்கும், அதனால குறையுறது அதைவிடக் கம்மி.

அந்தக் காயை எங்க வைக்கிறது? அதுலதான் மேட்டரே இருக்கு.

முன்னாடி வைக்கலாம். கனமான முனை, இல்லன்னா பித்தளை இன்சர்ட். சுலபம்தான், ஆனா மூக்கு கனமானா, நாண் பின்னாடியிருந்து தள்ளும்போது ஷாஃப்ட் அதிகமா வளையும். ஸ்பைன்னா ஷாஃப்ட் எவ்வளவு வளையும்னு சொல்ற நம்பர். 500 ஸ்பைன் அம்பு அதைவிட மெதுசான அம்பு மாதிரி நடந்துக்கும். ஸ்பைன்ல நம்பர் கூடக் கூட அம்பு மெதுசு, மறந்துடாதீங்க. 85ஐயும் முன்னாடியே ஏத்தினா 400 ஸ்பைன் ஷாஃப்ட் தேட வேண்டி வரலாம்.

அதனால நம்ம ஓட்டு தங்கூசிக்கு! காசிமேட்டுல பெரிய மீனுக்குத் தூண்டில் போடுறவங்க வாங்குற தடி நைலான் தங்கூசி. 3 எம்எம் தங்கூசி இன்ச்சுக்கு 3.1 கிரெயின் சொச்சம். 27 இன்ச் வெட்டினா? 85! ஆர்டர் கொடுத்து செஞ்ச மாதிரி வந்து உக்காருது. 2.5 எம்எம்னா அதே நீளத்துக்கு 60 கிட்டதான் வரும், அதனால கடைக்காரர் சொல்றதை நம்பாம வெர்னியர் வச்சு அளங்க. எடை ஷாஃப்ட் நெடுக சமமா பரவுறதால ஸ்பைன் பெருசா மாறாது. சமநிலைப் புள்ளி மட்டும் கொஞ்சம் பின்னாடி வரும். நம்ம கணக்குல அம்போட நடுவுலேருந்து 13 சதவீதம் முன்னாடி இருந்தது 11 ஆகும். அதே 85ஐ மூக்குல வச்சிருந்தா 20.

அம்போட ‘நாக்’கைக் கழட்டுங்க, பின்பக்கமா தங்கூசியை விடுங்க, பின்னாடி சின்னப் பஞ்சு அடைச்சு நாக்கைத் திரும்பப் போடுங்க. சுருள்லேருந்து வந்த வளைவு இருக்கட்டும், நிமிர்த்த வேணாம். அது உள்சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு கடகடக்காம இருக்கும். நீளம் கூடிட்டா நாக்கு முழுசா உக்காராது, குறைஞ்சா ஒவ்வொரு அம்பு விடும்போதும் உள்ள ஓடி வந்து நாக்கை இடிக்கும். ஒரு செட் அம்புல எல்லாமே 5 கிரெயினுக்குள்ள ஒத்து வரணும்.

மணல், அரிசி போட்டா ஆகாதான்னு கேப்பீங்க. ஆகாது. விடும்போது பின்னாடி போகும், குத்தும்போது முன்னாடி வரும். அரிசின்னா நம்ம கடற்காத்துக்கு வண்டு வேற குடித்தனம் வந்துடும்.

பித்தளை இன்சர்ட் ஒட்டுறவங்களுக்கு: உள்பக்கத்தை லேசா உரசி, ஸ்பிரிட்ல துடைச்சு, 24 மணி நேர எபாக்ஸி தடவி சுத்திக்கிட்டே தள்ளுங்க. நாக்கு கழட்டியே இருக்கட்டும், இல்லன்னா உள்ள மாட்டுன காத்து இன்சர்ட்டை வெளிய தள்ளும். ஒட்டின முனை கீழ பாக்க நிக்க வைங்க. நெருப்பு மட்டும் காட்டாதீங்க, கார்பனைப் பிடிச்சு வச்சிருக்கிற பசை போயிடும்.

இப்போ டெஸ்ட். காசிமேட்டுல தங்கூசி வாங்கலாம், அங்கயே அம்பு விடாதீங்க சாமி! பின்னாடி தடுப்பு இருக்கிற ரேஞ்சுக்குப் போங்க. 15 மீட்டர்ல இறகு வச்ச அம்பு மூணு, அதே எடை ஏத்தின இறகில்லா அம்பு ஒண்ணு. வலதுகைக்காரருக்கு இறகில்லாதது வலப்பக்கம் ஒதுங்கினா ஸ்பைன் மெதுசு, முன் எடையைக் குறைங்க. இடப்பக்கம்னா விறைப்பு, கூட்டுங்க. இடதுகைக்காரங்க அப்படியே திருப்பிப் போட்டுக்கோங்க.

ஒவ்வொரு அம்பையும் விடுறதுக்கு முன்னாடி, முகத்தை விட்டுத் தள்ளிப் பிடிச்சு லேசா வளைச்சு, சுத்திச் சுத்திக் காது கொடுங்க. ‘கிறீச்’னு சின்னச் சத்தம் வந்தாக்கூட குப்பைக்குத்தான். விரிசல் விட்ட கார்பன் நாண்லயே உடைஞ்சா சிலாம்பு நேரா வில்லு பிடிச்ச கையில ஏறும்.

நம்ம 450 கிரெயின் அம்பு இப்போ 3.65 பவுன். உங்களுது எத்தனை பவுன்? கமென்ட்ல போடுங்க, வீட்டுல கேட்டா அம்புன்னு சொல்லிடுங்க.