இரண்டு சூரிய உதயம் பார்த்த விமானப் பயணிகள்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு உலக வரைபடத்தின் தென்கோடிக்குப் போகிறோம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பக்கத்துத் தீவுகள் சிலவற்றைச் சேர்த்து ஆஸ்திரலேசியா என்பார்கள். 1756இல் சார்ல் டி பிராஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்த பெயர் அது. 'ஆசியாவுக்குத் தெற்கே' என்று அர்த்தம். அவர் அந்தப் பக்கம் போனதே கிடையாது. மாலுமிகளின் பயணக் குறிப்புகளைத் தொகுத்தவர். 1908, 1912 ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இந்தப் பெயரில் ஒரே அணியாக இறங்கின. இன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் தங்களை இப்படிச் சொல்லிக்கொள்வது அபூர்வம்.

பெயர் வைத்தவர் இருந்த இடத்துக்கும் அந்த மண்ணுக்கும் இடையிலான தூரம் இருக்கிறதே, அதைத்தான் விமானங்கள் இன்னும் துரத்திக்கொண்டிருக்கின்றன. 1935இல் பிரிஸ்பேனிலிருந்து சிங்கப்பூர் வரை ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ், அங்கிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸ் என்று வழி திறந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வழி அறுந்துபோனது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்திலிருந்து நேராக இந்தியப் பெருங்கடலைக் கடந்து இலங்கைக்கே பறந்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். காலிக்குப் பக்கத்தில் கொக்கல என்ற ஊரில் ஓர் ஏரி இருக்கிறது. அதில் வந்து இறங்கியவை தண்ணீரில் மிதக்கும் கேட்டலினா விமானங்கள். தூரம் சுமார் 5,600 கிலோமீட்டர். இன்றைய ஜெட் ஏழெட்டு மணி நேரத்தில் கடக்கும் அந்தத் தூரத்துக்கு இவற்றுக்கு 27 முதல் 32 மணி நேரம் பிடித்தது. எரிபொருள் பாரம் அவ்வளவு என்பதால் பயணிகள் மூன்று பேர்தான், அப்புறம் 69 கிலோ தபால். ஜப்பானிய விமானங்களின் ரோந்துக்குள் புகுந்து போக வேண்டும், கையில் ஆயுதம் இல்லை. இருக்கும் இடம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் ரேடியோவையும் மூடி வைத்துவிடுவார்கள்.

அப்படியென்றால் வழி எப்படித் தெரியும்? நட்சத்திரம்தான். ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்தார்கள்: ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரஸ், ஸ்பைகா. நம் பஞ்சாங்கத்தில் ஆல்டேர் திருவோணம், அன்டாரஸ் கேட்டை, ஸ்பைகா சித்திரை. நாம் நாள் நட்சத்திரம் பார்க்கிற அதே புள்ளிகளை வைத்து விமானத்தில் வழி கணிப்பவர் ஒருவர் இருட்டில் கோணம் அளந்துகொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதிப்பதைப் பார்ப்பார்கள். அதனால் பயணிகளுக்கு 'இரட்டைச் சூரிய உதய ரகசியக் குழு' என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். 1943 முதல் 1945 வரை இப்படி 271 முறை கடலைக் கடந்திருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் வேகம் கூடியது. 1947 டிசம்பர் 1ஆம் தேதி சிட்னியில் கிளம்பிய குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் ரக விமானம் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று நின்று நின்று நான்கு நாளில் லண்டன் சேர்ந்தது. இதற்கு 'கங்காரு ரூட்' என்று பெயர். 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காமல் சுமார் 17 மணி நேரத்தில் போய்விட்டார்கள். அடுத்து சிட்னியிலிருந்து லண்டனுக்கு இடைநில்லாப் பயணம் வரப்போகிறது, சுமார் 17,000 கிலோமீட்டர். அதற்காகவே கூடுதல் எரிபொருள் தொட்டியோடு ஏர்பஸ் ஏ350 விமானங்களை வாங்குகிறது குவாண்டாஸ். திட்டத்தின் பெயர் 'சன்ரைஸ்'. அந்த கேட்டலினாக்களின் நினைவாக வைத்ததுதான்.

அந்த விமானத்தில் இருக்கைக்கு முன்னால் ஓடும் வரைபடத்தில் கொக்கலவுக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. காலிப் பக்கம் போகிறவர்கள் அந்த ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள்.