திட்ட அனுமதி: கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே தொலையும் நாட்கள்

[காட்சி: நாட்காட்டி. முதல் சில வாரங்கள் சாம்பல் நிறத்தில். அதன் பிறகே எண்கள் ஓடத் தொடங்குகின்றன.]

இங்கிலாந்தில் சிறிய கட்டுமானத் திட்டங்களுக்கான அனுமதி விண்ணப்பத்துக்கு உள்ளாட்சிக் கவுன்சில் 8 வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். 10 வீடுகளோ அதற்கு மேலோ இருந்தால் 13 வாரம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்பட்டால் 16 வாரம்.

இந்தக் கணக்கு நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து ஓடாது. படிவம், வரைபடம், சான்றிதழ், கட்டணம், கேட்கப்படும் அறிக்கைகள் எல்லாம் குறையில்லாமல் போய்ச் சேர்ந்த மறுநாள்தான் தொடங்கும். ஒரு குறை இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். ஆர்க்கிடெக்ட்களும் கவுன்சிலும் சேர்ந்து எதையாவது சீர்செய்ய வேண்டுமென்றால், இந்த வாசலில்தான் தொடங்க வேண்டும்.

[காட்சி: இட அமைவு வரைபடம், 1:1250. சிவப்புக் கோடு மனையைச் சுற்றி வருகிறது, சாலையைத் தொடாமல் நிற்கிறது.]

அடிக்கடி நடக்கும் பிழை இது. சிவப்புக் கோட்டுக்குள் மனை மட்டும் இருந்தால் போதாது. பொதுச்சாலையிலிருந்து உள்ளே வரும் வழியும் அதற்குள் இருக்க வேண்டும். அதே உரிமையாளருக்குப் பக்கத்தில் வேறு நிலம் இருந்தால் அதை நீலக் கோட்டால் காட்ட வேண்டும்.

அடுத்தது உரிமைச் சான்றிதழ். புதுச் சுவரின் அஸ்திவாரமோ மழைநீர்க் குழாயோ பக்கத்து மனைக்குள் ஒரு கை அகலம் நீண்டாலும், நிலம் முழுவதும் விண்ணப்பதாரருக்கே சொந்தம் என்று சொல்லும் 'ஏ' சான்றிதழ் செல்லாது. அந்த உரிமையாளருக்கு முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டு 'பி' சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். 7 வருடமோ அதற்கு மேலோ குத்தகைக் காலம் மீதமுள்ளவரும் இங்கே உரிமையாளர்தான். அடுக்குமாடிக் கட்டடங்களில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

[காட்சி: மேசை மேல் கோப்புகள். ஐந்து குவியல்களாகப் பிரிக்கப்படுகின்றன.]

இதைச் சேர்ந்து சரிசெய்வது எப்படி? கவுன்சில் கடைசியாகத் திருப்பி அனுப்பிய 50 விண்ணப்பங்களின் காரணங்களை எடுங்கள். பெயர், முகவரியை நீக்கிவிடுங்கள். வரைபடம், சான்றிதழ், கட்டணம், விடுபட்ட அறிக்கை, மற்றவை என்று பிரியுங்கள். அரை நாள் வேலை இது. இதற்கு ஒரு கூட்டம் வையுங்கள். உள்ளூரில் அடிக்கடி விண்ணப்பிக்கும் ஆறேழு ஆர்க்கிடெக்ட்கள் போதும். கவுன்சில் பக்கத்திலிருந்து துறைத் தலைவர் மட்டும் வந்தால் பயனில்லை. விண்ணப்பத்தை முதலில் திறந்து பார்க்கும் ஊழியர் கட்டாயம் வர வேண்டும். எந்தத் தாள் ஏன் திரும்பிப் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஒரு விதியில் உறுதியாக இருங்கள்: நிலுவையில் இருக்கும் எந்த விண்ணப்பத்தைப் பற்றியும் அங்கே பேசக்கூடாது. கூட்டக் குறிப்பை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். வழக்கமாக வருபவர்களுக்குத் தனிச் சலுகை என்ற சந்தேகம் எழுந்தால், அது நியாயமான சந்தேகமே.

குவியல்களைப் பார்த்ததும் பிழை யார் பக்கம் என்று தெரிந்துவிடும். ஒரே அறிக்கை பத்துப் பேரிடம் விடுபட்டிருந்தால், பத்துப் பேரும் கவனமில்லாதவர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். விண்ணப்பத்தோடு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று சொல்லும் கவுன்சிலின் உள்ளூர்த் தேவைப் பட்டியல் புரியாதபடி எழுதப்பட்டிருக்கலாம். அந்தப் பட்டியலை 2 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்தாக வேண்டும். "தேவைப்பட்டால் வெள்ள ஆபத்து அறிக்கை" என்ற வரியை, எந்த வெள்ள மண்டலத்தில், எந்த வகைத் திட்டத்துக்கு என்று மாற்றி எழுத அதுவே தக்க தருணம்.

[காட்சி: அனுமதிக் கடிதம். நிபந்தனைகள் இரண்டாம் பக்கத்துக்கு நீள்கின்றன.]

இனி மறுமுனை. அனுமதி கிடைத்தாலும் வேலையைத் தொடங்க முடியாமல் போவதுண்டு. "செங்கல் மாதிரிக்கு ஒப்புதல் பெறாமல் தொடங்கக்கூடாது" என்று ஒரு நிபந்தனை இருந்தால், அதைத் தீர்க்கத் தனி விண்ணப்பம், இன்னொரு 8 வாரம். தீர்க்காமலே தோண்ட ஆரம்பித்தால், அந்தத் தொடக்கமே சட்டப்படி செல்லாமல் போகலாம். அனுமதியின் ஆயுள் பொதுவாக 3 ஆண்டு. அதற்குள் முறையாகத் தொடங்காவிட்டால் அதுவும் போய்விடும்.

2018 அக்டோபர் 1 முதல், வேலைக்கு முந்தைய நிபந்தனைகளுக்குப் பொதுவாக விண்ணப்பதாரரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கவுன்சில் அறிவிப்பு அனுப்பினால், பதில் சொல்ல 10 வேலை நாட்கள். பல ஆர்க்கிடெக்ட்கள் கடிதத்தைப் பார்த்ததுமே "சம்மதம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். நிறுத்திப் படியுங்கள். செங்கல் ஒப்புதலுக்கு அஸ்திவாரம் முடியும் வரை காத்திருக்கலாமே! "தரைமட்டத்துக்கு மேல் கட்டும் முன்" என்று மாற்றக் கேளுங்கள். அதைவிட நல்லது, செங்கல், ஓடு, குப்பைத்தொட்டி வைக்கும் இடம், சைக்கிள் நிறுத்தம் ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே காட்டிவிடுவது. அந்த நிபந்தனைக்கே வேலை இருக்காது. கவுன்சிலும் தன் பங்குக்கு, வரைவு நிபந்தனைகள் முழுவதையும் முடிவுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பலாம்.

[காட்சி: இரண்டு அளவுகோல்கள். ஒன்று குட்டை, ஒன்று நீளம்.]

பலன் கிடைத்ததா என்று பார்க்க, "குறித்த காலத்தில் முடித்தவை" என்ற எண்ணிக்கையை நம்ப வேண்டாம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டு காலத்தை நீட்டித்தால், அந்த நீட்டிப்புக்குள் வந்த முடிவும் குறித்த காலத்தில் வந்ததாகவே பதிவாகும். ஆறு மாதம் ஆனாலும் அப்படித்தான். விண்ணப்பம் முதன்முதலில் வந்த நாள், ஏற்கப்பட்ட நாள், முடிவு வந்த நாள், கடைசி நிபந்தனை தீர்ந்த நாள் என்று நான்கு தேதிகளைக் குறித்துவையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முதல் இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் கடைசி இரண்டுக்கு நடுவே உள்ளதையும் தனித்தனியே பாருங்கள். முதல் இடைவெளி குறையவில்லை என்றால், திருப்பி அனுப்பிய அடுத்த 50 காரணங்களை எடுத்து மேசையில் பரப்புங்கள்.