குரு நின்ற இடமும் பார்த்த இடமும்

(பெங்களூரு அல்சூரில் தமிழன்பர்கள் கூடிய மாலையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோரே, நண்பர்களே,

"குரு பார்க்கக் கோடி நன்மை" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே சோதிடர்கள் "குரு நின்ற இடம் பாழ்" என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்குச் சோதிடத்தில் நம்பிக்கை இல்லை. ஆயினும் குரு எனப்படும் வியாழனையும் அதைப் போன்ற பெருங்கோள்களையும் பற்றி வானியலார் கடந்த முப்பது ஆண்டுகளில் அறிந்தவற்றைச் சொல்ல இவற்றைவிடப் பொருத்தமான தொடர்கள் எனக்குக் கிட்டவில்லை.

நின்ற இடத்தை முதலில் பார்ப்போம். 1995-இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் 51 பெகாசி என்னும் விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றைக் கண்டறிந்தார்கள். வியாழன் தன் சூரியனைச் சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன; வியாழனின் இனத்தைச் சேர்ந்த இந்தக் கோளோ நான்கு நாள்களில் சுற்றை முடித்துவிடுகிறது. விண்மீனுக்கு அவ்வளவு நெருக்கத்தில் இத்தனை வாயு திரள்வது கடினம் என்பதால், தொலைவில் உருவாகிப் பின்னர் உள்நோக்கி நகர்ந்து வந்திருக்கும் என்றே பலரும் கருதுகிறார்கள். நாம் ஆண்டுதோறும் பரிகாரம் செய்யும் குருப்பெயர்ச்சி வெறும் ராசி மாற்றம். இதுவோ மெய்யான பெயர்ச்சி. அப்படி வரும் கோள், வழியிலுள்ள பாறைத் திரள்களில் சிலவற்றை விழுங்கும், சிலவற்றை வீசியெறியும். இத்தகைய வெப்ப வியாழன்களின் பக்கத்தில் சிறு கோள்கள் அரிதாகவே தென்படுகின்றன.

நம் வியாழனும் இடம் பெயர்ந்திருக்கலாம். இன்று செவ்வாய் சுற்றும் தொலைவு வரை அது உள்ளே வந்தது, பின்னால் வந்த சனியோடு ஈர்ப்பால் பிணைந்து இருவருமாக வெளியே திரும்பினார்கள் என்றொரு கருதுகோள் 2011-இல் முன்வைக்கப்பட்டது. செவ்வாய் ஏன் பூமியின் நிறையில் பத்தில் ஒரு பங்கோடு நின்றுபோனது என்பதற்கு அது நல்ல விடை. ஒரே விடை அன்று. செவ்வாய்க்கு அப்பால் உள்ள சிறுகோள் பட்டையின் மொத்த நிறை நம் நிலவின் நிறையில் சுமார் மூன்று விழுக்காடுதான். 1988-இல் நம் காவலூர் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்டுக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்ட சிறுகோளும் அங்கேதான் சுற்றுகிறது. வியாழனின் இழுப்பால் கோளாகச் சேர முடியாமற்போன மிச்சங்களில் அதுவும் ஒன்று.

இனிப் பார்த்த இடம். வால்வெள்ளிகளைத் தடுத்து நம்மைக் காக்கும் கேடயம் என்று வியாழனைப் பள்ளிப் பாடம் முதல் புகழ்கிறோம். 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்வெள்ளியின் துண்டுகள் அதன்மேல் விழுந்தபோது அந்தப் புகழ் இன்னும் உயர்ந்தது. லெக்செல் வால்வெள்ளியின் கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நெடுந்தொலைவில் சுற்றிக்கொண்டிருந்த அதனை 1767-இல் வியாழனே உள்ளே திருப்பிவிட்டது. 1770-இல் அது பூமியிலிருந்து சுமார் 22 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், அதாவது நிலவின் தொலைவைப் போல் ஆறு மடங்கில், நம்மைக் கடந்தது. 1779-இல் மீண்டும் வியாழனை நெருங்கியபோது வெளியே வீசப்பட்டு, பின்னர் எவர் கண்ணிலும் படவில்லை. ஆகவே வியாழனைக் கேடயம் என்பதைவிடக் கவண் என்பதே சரி. கல் எந்தப் பக்கம் போகும் என்பது கவணின் கவலை இல்லை. வானியலாளர்கள் ஹார்னரும் ஜோன்ஸும் 2008-இல் வெளியிட்ட கணிப்பொறிக் கணக்குகளின்படி, வியாழன் சனியளவுக்கு இளைத்திருந்தால் சிறுகோள்கள் பூமியில் மோதுவது இப்போதைவிட மிகுந்திருக்கும்.

அதே கவணுக்கு நாம் கடன்பட்டும் இருக்கலாம். பூமி உருவான இடம், நீர் பனிக்கட்டியாக உறைய முடியாத அளவுக்குச் சூடானது. குளிர்ந்த வெளிப்புறத்தில் ஈரம் ஏறிய பாறைகளைப் பெருங்கோள்கள் வளரும்போது உள்நோக்கிச் சிதறடித்தன, நம் கடல்நீரில் ஒரு பகுதி அவ்வாறு வந்தது என்ற கருத்து வலுவானது. பெருங்கோள் இருக்கிறதா என்பதோடு, அது எப்போது வளர்ந்தது, எங்கே நின்றது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதைப் பிற விண்மீன்களில் சரிபார்க்கப் பொறுமை வேண்டும். கோளின் இழுப்பால் விண்மீனும் சற்றே அசையும்; அந்த அசைவை அளந்தே கோளை அறிகிறோம். வியாழன் இழுக்கும் இழுப்பில் சூரியன் நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் அசைகிறது. மாலை ஆறு மணிக்கு, நெரிசலுக்குப் பேர்போன நம் சில்க் போர்டு சந்திப்பில் நம்மில் எவருக்கும் கிட்டாத வேகம் அது. பூமியால் நேரும் அசைவோ நொடிக்கு ஒன்பது சென்டிமீட்டர். பெரிய அசைவை இன்றைய கருவிகள் எளிதில் அளக்கின்றன. ஆனால் அது ஒரு முறை முழுமையாகச் சுற்றி முடியப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பள்ளி மாணவி இன்றிரவு ஒரு விண்மீனை அளக்கத் தொடங்கினால், முதல் சுற்று முடிவதற்குள் முனைவர் பட்டமே வாங்கிவிடலாம்.