பள்ளத்தூரில் 'ஆச்சி' பெயரில் கல்லூரி: அது நம்ம மனோரமாவா?

பின்னாளில் முதலமைச்சரான ஐந்து பேருடன் நடித்தவர் நம்ம 'ஆச்சி' மனோரமா. அண்ணாவும் கலைஞரும் மேடையில். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். மூவரும் திரையில். ஆயிரம் படத்தைத் தாண்டி, கின்னஸிலும் பெயர் ஏறிவிட்டது. ஆனால் இந்த வீடியோ அதைப் பற்றியது இல்லை. அதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே மனப்பாடம்.

[திரையில்: பள்ளத்தூர் தெரு, பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீடு]

காரைக்குடி பக்கம், பள்ளத்தூர். மன்னார்குடியில் 1937-ல் பிறந்த கோபிசாந்தாவைத் தூக்கிக்கொண்டு அம்மா பிழைக்க வந்த ஊர். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பள்ளிக்கூடம் நின்றது, வீட்டு வேலைக்குப் போனார். 12 வயதில், ஊருக்கு வந்த நாடகத்தில் ஒரு வேடத்துக்கு ஆள் இல்லாமல் போக, இவரை மேடை ஏற்றினார்கள். 'மனோரமா' என்பதே நாடக இயக்குநரும் ஆர்மோனியக்காரரும் வைத்த பெயர்தான். சரி, பின்னணி முடிந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். கொஞ்சம் மேப்பைத் திறங்கள்.

[திரையில்: வரைபடம். பள்ளத்தூர், தேவகோட்டை ரஸ்தா]

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னையில் ஸ்டுடியோ போட வழி அமையாமல், ஏவி.எம். நிறுவனர் ஏ.வி.மெய்யப்பன் தன் சொந்த ஊரான காரைக்குடிக்கே வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். 1947-ல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். அதுவும் ஒரு மேடை நாடகத்திலிருந்து வந்த கதை! அப்போது கோபிசாந்தாவுக்கு வயது சுமார் பத்து. கோடம்பாக்கம் போகாமலே சினிமா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1948-ல் ஸ்டுடியோ மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டது.

அது போன இடத்துக்கு இவர் போய்ச் சேரப் பத்து வருஷம் ஆனது. நாடகம் நாடகமாகச் சுற்றித்தான் போனார். வைரம் நாடக சபா, அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு. 1958-ல் 'மாலையிட்ட மங்கை'. வாய்ப்புக் கொடுத்தது யார்? கண்ணதாசன். சிறுகூடல்பட்டிக்காரர், நம்ம பக்கம்தான்! கதாநாயகி கனவோடு போனவருக்குக் கிடைத்தது நகைச்சுவை வேடம். 1963-ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியும் ஆனார். அது பெரிதாகக் கைகொடுக்கவில்லை, நல்லதாய்ப் போச்சு என்பேன். கதாநாயகியாகவே நின்றிருந்தால் 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் ஜில் ஜில் ரமாமணி கிடைத்திருப்பாரா? கொட்டகை நாடகக்காரியாக, கொட்டகையில் வளர்ந்த ஒருத்தி நடிக்கிறார். அந்தக் குலுக்கலும் இழுவையும் கேமராவுக்காகப் பழகியது இல்லை, கடைசி வரிசைக்காரருக்கும் எட்ட வேண்டும் என்று மேடையில் பழகியது. என்னைக் கேட்டால் அந்தப் படத்தில் சிவாஜி, பத்மினிக்குப் பக்கத்தில் நின்று அசையாதவர் இவர் ஒருவர்தான். சண்டைக்கு வருகிறவர்கள் கமெண்டில் வாருங்கள்.

2002-ல் பத்மஸ்ரீ, 2015-ல் மறைவு.

இப்போது தலைப்புக்கு வருவோம், திட்டாதீர்கள். செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பெண்களை மரியாதையாக 'ஆச்சி' என்பார்கள். அக்காவும் ஆச்சிதான். திருநெல்வேலியில் ஆச்சி என்றால் பாட்டி. "எங்க ஆச்சிக்கு அடுத்த மாசம் கல்யாணம்" என்று ஒரு நெல்லை நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தைப் பார்க்க டிக்கெட்டே போடலாம். இந்த மண்ணில் வளர்ந்ததால் ஒட்டிக்கொண்ட அந்தச் சொல், கடைசியில் தமிழ்நாடு முழுக்க ஒரே ஒருவரின் பெயராகிவிட்டது.

[திரையில்: கல்லூரியின் பெயர்ப்பலகை]

பள்ளத்தூரில் நிற்கும் பெண்கள் கல்லூரி சீதாலட்சுமி ஆச்சியின் பெயரில் இருப்பது. மனோரமா ஆச்சி இல்லை. ஆனால் இவர் படிப்பு நின்ற அதே ஊரில், ஆச்சி என்று எழுதிய பலகைக்குக் கீழே இன்றைக்குப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள்.

உங்கள் ஊரில் ஆச்சி என்றால் அக்காவா, பாட்டியா? எழுதுங்கள், சண்டையை நான் தீர்த்து வைக்க மாட்டேன்.