மருந்துக்கடை கவுண்டரும் பாடத்திட்டக் குழுவும்

அவையில் கூடியிருக்கும் பேராசிரியர்களுக்கும், நாளை கவுண்டருக்குப் பின்னால் நிற்கப்போகும் மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

மூட்டுவாதத்துக்கு டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுக்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மாத்திரை. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறையும், வாயெல்லாம் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து. சீட்டை வாங்கும் மருந்தாளுநர், "எந்தக் கிழமை போடுறீங்கம்மா?" என்று கேட்டு, அந்தக் கிழமையை மருந்துக் கவரில் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் ஆகும். அப்படிக் கேட்க அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அதற்கு வகுப்பில் நேரம் ஒதுக்கியது யார்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1948ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, மருந்தாளுநராகப் பதிவு செய்ய என்ன படிக்க வேண்டும் என்பதை இந்திய பார்மசி கவுன்சில் வகுக்கிறது, மத்திய அரசு ஒப்புதல் தருகிறது. அந்தக் கவுன்சிலில் யார் யார் இருக்க வேண்டும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது: பல்கலைக்கழக ஆசிரியர்கள், மத்திய அரசின் நியமன உறுப்பினர்கள், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி, மாநிலங்களிலிருந்து வரும் பதிவுபெற்ற மருந்தாளுநர்கள். மருந்து வாங்கும் நோயாளிக்கென்று அதில் ஒரு நாற்காலி இல்லை. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

மருந்தாளுநராவதற்கான டிப்ளமோவான டி.பார்ம் படிப்பு 1991ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 2020 வரை நடந்தது. 29 ஆண்டுகள்! அந்தக் காலத்தில் இன்சுலின் பேனாவும் இன்ஹேலரும் சாதாரணக் குடும்பங்களுக்குள் நுழைந்துவிட்டன. கடைக்கு வரும் மருந்தெல்லாம் கம்பெனியில் தயாராகி அட்டையில் வரத் தொடங்கி வெகுகாலமாகிவிட்டது. நம் மாணவர்களோ ஆய்வகத்தில் எண்ணெயும் நீரும் சேர்ந்த எமல்ஷன் கலக்கிக்கொண்டிருந்தார்கள், ஆசனவாய் வழியே வைக்கும் சப்போசிட்டரி மருந்து வார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாடத்திட்டத்தை நான் இழித்துப் பேசவில்லை. மருந்தின் அடிப்படையை அது உறுதியாகவே போட்டது. ஆனால் இன்ஹேலரை வாயில் வைத்து எப்போது மூச்சை இழுக்க வேண்டும் என்று ஒரு பாட்டிக்குச் செய்து காட்டும் பயிற்சிக்கு அதில் போதிய இடமில்லை.

2020 விதிமுறைகள் அந்த இடத்தைக் கொடுத்தன. மருந்துக்கடைப் பணியைச் சொல்லும் சமூக மருந்தியல், எந்த நோய்க்கு என்ன மருந்து என்று சொல்லும் மருந்துச் சிகிச்சையியல் ஆகியவை தனித் தாள்களாயின. நோயாளியோடு பேசுவதே செய்முறைப் பாடமாயிற்று. ஒரு குழு மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சான்று.

"எல்லாம் டெல்லியில் முடிவாகிறது, எங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. பட்டப்படிப்பான பி.பார்முக்கு நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டம் வந்ததிலிருந்து இந்தப் பேச்சு அதிகம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வினாத்தாள் தயாரிப்பது யார்? செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடுவது யார்? வரையறு, வகைப்படுத்து என்றே கேட்டுக்கொண்டிருந்தால் பையன் மனப்பாடம்தான் செய்வான். டி.பார்ம் முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்யும் முன் எழுத வேண்டும் என்று 2022 விதிமுறைகள் சொன்ன எக்ஸிட் தேர்வும் கொள்குறி வினாக்களால் ஆனது. அதில் பேச்சுத்திறனை அளக்க வழியில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு கல்லூரிச் செய்முறைத் தேர்வின் மேல்தான் விழுகிறது.

இன்னொன்று, 500 மணி நேரப் பயிற்சி. டி.பார்ம் மாணவர் மருத்துவமனையிலோ மருந்துக்கடையிலோ குறைந்தது மூன்று மாதம் நின்று கற்க வேண்டும் என்பது விதி. சில இடங்களில் அது ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுவது இங்கே பலருக்கும் தெரியும். எனக்கு மிகுந்த வேதனை தருவது இதுதான். இரண்டு வருடப் படிப்பும் கைக்கு வரும் இடம் அது. எந்த மாணவர் எந்தக் கடையில் நின்றார், எத்தனை சீட்டு பார்த்தார், எந்த நோயாளிக்கு என்ன சொன்னார் என்று ஒரு நோட்டு போட வைத்து, அதை வைத்தே வாய்மொழித் தேர்வு நடத்தலாம். இதற்கு எந்தப் புதிய சட்டமும் வேண்டாம்.

இங்கே பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு அரசு மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவரையும், சில்லறை மருந்துக்கடையில் நிற்கும் மருந்தாளுநர் ஒருவரையும் அழையுங்கள். கடையில் ஒரே மருந்தாளுநர் இருந்தால், அவர் இல்லாத நேரத்தில் சீட்டுக்கு மருந்து கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதனால் கூட்டத்தை அவர் கடைக்கு விடுமுறை விடும் நாளில் வையுங்கள். வினாத்தாள் மாதிரி முடிவாவதற்கு முன்பே அவரைப் பேச விடுங்கள்.