ராத்திரி நனையும் தலையணை

(குடியாத்தத்தில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியது)

அக்காமார்களே, தங்கச்சிகளே, வணக்கம்.

நம்ம வேலூர்ப் பக்கம் ராத்திரி வியர்த்து ஊத்துகிறது என்று யாராவது சொன்னால், "வெயில் சூடு, மோர் குடி" என்று பேச்சை முடித்துவிடுவோம். அக்னி நட்சத்திரத்தில் அது சரியாகவும் இருக்கலாம். மார்கழியிலும் நனைகிறதே, அதற்கு என்ன சொல்வது? நான் முதலில் கேட்பது இதுதான்: பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் வியர்க்கிறதா? அவர் போர்த்திக்கொண்டு தூங்க, உங்களுக்கு மட்டும் துணி மாற்றுகிற அளவுக்கு நனைந்தால் வெயில்மேல் பழி போடாதீர்கள்.

உடம்புச் சூடு விடியற்காலையில் குறைவாகவும் சாயங்காலம் ஏறக்குறைய ஒரு டிகிரி பாரன்ஹீட் கூடுதலாகவும் இருப்பது இயல்பு. ஆனால் சாயங்காலம் தவறாமல் காய்ச்சல் அடித்து, ராத்திரி வியர்த்து இறங்கி, இருமலும் உடம்பு இளைப்பதும் சேர்ந்தால் முதலில் காசநோயைத்தான் தேட வேண்டும். கிருமியோடு போராடும்போது மூளை சூட்டை ஏற்றி வைக்கிறது. ஏறின சூட்டை இறக்குகிற வழிதான் அந்த வியர்வை. பீடி சுற்றுகிற வீடுகளில் இருமலைப் புகையிலைத் தூள்மேல் போட்டுவிடுகிறோம். இரண்டு வாரம் தாண்டினால் அப்படி விடக் கூடாது. சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மாத்திரை. நடுவில் விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். கல்யாணம் தள்ளிப்போகும் என்று பெண் பிள்ளையின் இருமலை மறைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அப்புறம் சுகர். என் மாமியார் ஒருநாள் பசியில்லை என்று அரை டம்ளர் கஞ்சியோடு படுத்துவிட்டார். சுகர் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். விடியற்காலை 3 மணிக்கு உடம்பு ஜில்லென்று, சேலை சொட்டச் சொட்ட, கை நடுங்குகிறது. காய்ச்சல் விடுகிறது என்றுதான் நானும் நினைத்தேன். மீட்டரில் பார்த்தால் 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன், கால் மணி நேரத்தில் தெளிந்தார். இத்தனை வருஷம் செவிலியராக இருந்த எனக்கே உடனே பிடிபடவில்லை. அதனால்தான் போகிற இடமெல்லாம் இதைச் சொல்கிறேன். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாதவிலக்கு நிற்கிற வயதில் முகமும் கழுத்தும் குப்பென்று சூடாகி வியர்ப்பது உண்மையான தொந்தரவு. "மனப்பிரமை" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அதற்கு மருத்துவம் இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் வியர்க்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாடு வைத்திருப்பவர்கள், காய்ச்சாத பால் குடிப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாட்டிடமிருந்து வரும் புருசெல்லோசிஸ் காய்ச்சல் விட்டுவிட்டு வரும். கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி இருந்தால் நாள் கடத்தாமல் காட்டுங்கள், நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுங்கள். எத்தனை மணிக்கு நனைந்தது, தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டியது, என்னென்ன மாத்திரை, எடை எவ்வளவு என்று ஒரு வாரம் எழுதுங்கள். பாராசிட்டமால் போடுவதற்கு முன்னாலேயே சூட்டைப் பாருங்கள். அந்த நோட்டோடு டாக்டரிடம் போங்கள். இருமலோ சளியில் ரத்தமோ இருந்தால் அந்த ஒரு வாரமும் காத்திருக்காமல் நாளைக்கே போய்விடுங்கள்.